தூணோரம்

நடுவில் வெடித்தால் எனக்குப் பயமில்லை.
பீமின் வயிறு தொய்வது தெரியும்,
மேசைகளை வெளியே இழுக்க நேரமிருக்கும்.
தூணோரம் அப்படியில்லை.
சாய்வாக ஒரே கோடு,
கொழுந்துக்காரர் மலைக்கு ஏறும் குறுக்குப்பாதை மாதிரி.
காலையில் இராது. மதியம் இருக்கும்.
பின்னேரம் பீம் இராது.

பொகவந்தலாவை, பாடசாலையின் புது மாடி.
டேப்பை வைத்தேன்.
வரைபடத்தில் நாலு அங்குலத்துக்கு ஒரு வளையம்,
கட்டியிருந்தது ஒன்பதுக்கு.
கொந்தராத்துக்காரர் சந்தனசாமி சிரித்தார்:
“உள்ளுக்குப் போற கம்பிய யாரு பாக்கப்போறா, மிஸ்?
மழை வருது, மிக்சருக்கு வாடகை ஏறுது.”

எதிர்மலையில் போன வருசச் சரிவு
இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.
அங்கேயும் இதே கதைதான்:
மண் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது,
பிடித்துக்கொண்டேயிருந்தது,
ஒரு இரவு விட்டது.

கையெழுத்துப் போடாமல்
சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

கம்பி வளைக்கும் மருதைமுத்து ஒன்றும் பேசவில்லை.
போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
இருட்டில் இருபத்திரண்டு வளையம் வளைத்தார்,
தூறலில் கட்டினார்,
ரத்தம் கசிந்த கட்டைவிரலைச் சாரத்தில் துடைத்தார்.
“ஓவர்டைம் எழுதுங்க மிஸ். நாலு மணித்தியாலம்.”
எழுதினேன்.

விடியக் கொங்கிறீட் போட்டார்கள்.
சந்தனசாமி சொன்னது சரி.
இனி அதை யாரும் பார்க்கப்போவதில்லை.