மாற்று

எல்லா ஏரிக்கரையிலும் முளைக்கிற செடிதான்.
பழி மட்டும் எங்கள் பக்கத்துக்கு:
நெய்வேலிக் காட்டாமணக்கு.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் முழுக்க
பெருமாள் ஏரிக் கலுங்கடியில்
முழங்கால் தண்ணீரில் நின்று
அதன் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
அடியில் ஒட்டியிருக்கும்,
தட்டி நசுக்கிய உளுந்து போல,
விளிம்பு கண்ணாடி, நடுவில் பொன்.
ஆமைவண்டு.
அந்தப் பேரினத்துக்கு லத்தீனில் தலைக்கவசம் என்று பெயர்.
கவசத்தை இலையோடு அழுத்திக்கொண்டால்
எறும்புக்குப் பிடி கிடைக்காது.
அதன் புழுவுக்கு அந்த வசதி கிடையாது.
கழற்றிய தோலையும் தன் பீயையும்
வால் கவையில் கோத்துக்
குடை பிடித்துத் திரியும்.
வேலைக்கான நேர்காணலில் இதைச் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.

அறுபத்து நான்கைக் கொன்றேன்.
பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மருந்து நனைத்த பஞ்சு.
சாயங்காலம் பொன்னாய்ப் போட்டவை
ஊசியில் காய்ந்து பழுப்பாயின.
'ஓட்டுக்குள்ள இருக்கிற ஈரம்மா அந்த நிறம்,
காஞ்சா போச்சு' என்றார் பூவராகன் சார்.
லேபிளில் பொன்னிறம் என்றே எழுதினேன்.
வெளியூர்த் தேர்வாளர்
பெட்டியைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார்,
அப்புறம் என்னை.

இப்போது குறிஞ்சிப்பாடியில்
நகைக்கடன் கம்பெனியில் மதிப்பீட்டாளர்.
உரைகல், அமிலம், தராசு,
தலைக்கு மேல் கேமரா.

ஐப்பசி மழை விட்ட மறுநாள்
கொளஞ்சியம்மாள் வந்தாள்,
நூறு நாள் வேலையில் காட்டாமணக்கு வெட்டிய கையோடு.
ஒரு ஜோடித் தோடு.
அரக்குக் கழித்து இரண்டு கிராம் எண்ணூறு.
மாற்று கொஞ்சம் கம்மி என்றேன்.
'அக்கா செத்த அன்னிக்குக் காதுலேர்ந்து கழட்டுனதும்மா.
அப்பக்கூட இப்படியேதான் மின்னிச்சு.'

நான் பதில் தேடுவதற்குள்
அவள் முந்தானையிலிருந்து இறங்கி
கண்ணாடி மேஜையில் நடந்தது
ஒன்று.
ஏழு வருஷம் கழித்து, உயிரோடு.

'இதையும் எடை போடேன்' என்றாள்.
போட்டேன்.
தராசு 0.01 என்றது,
பிறகு 0.00,
மீண்டும் 0.01.
விரல் பட்டதும் பொன் சிவந்து செம்பாகி
கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் சந்தேகித்து
பிறகு மெல்லத் திரும்பியது.
கல்லில் உரைக்க முடியாத ஒன்றுக்கு
மாற்று எவ்வளவு என்று போடுவது?

'எல்லாத்தையும் வெட்டிட்டீங்களா?'
'தெக்குக் கரை பாக்கி. வெட்டிப் போட்ட குச்சியே
வேர் விட்டுடுது.
இல்லேன்னா எங்களுக்கு ஏது வேலை.'

ரசீதை மடித்து இடுப்பில் செருகினாள்.
வண்டு எப்போது போனது என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்,
ஆறு நிமிஷம் தராசில்
என்னதான் வைத்திருந்தீர்கள்,
திரையில் ஒன்றுமே தெரியவில்லையே என்று.