அழுக்கான பக்கம்

மாங்குளத்தில் டிரைவர் எழுதுகிறேன் என்றால்
எந்த ரூட் தம்பி என்று கேட்பார்கள்.
என் டிரைவருக்கு ஸ்டியரிங் இல்லை.
வெட்பாலைக்குளத்துத் துருசடியில்
தகரப் பெட்டிக்குள் கிடக்கும் கார்ட்டை
கெர்னலோடு பேச வைப்பதுதான் அதன் வேலை.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
அடி, அங்குலம், நேரம்.

கெர்னலுக்குள் சில மரியாதைகள் உண்டு.
அங்கே நின்றுகொண்டு
கோப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது.
வெளியே ஒரு நிரல் அந்தக் கோப்பைத்
தன் நினைவகத்தில் பாய்போல விரித்திருக்கும்.
முழுக்க விரிந்ததாகத் தெரியும்;
தொட்ட இடம் மட்டுமே டிஸ்கிலிருந்து ஏறி வரும்.
டிரைவர் கேட்கலாம்: இத்தனையாவது பக்கம் தா.
தந்ததை ஊசி குத்தி நிறுத்தலாம், நகராது.
கார்ட் நேரே அதில் எழுதும்,
புரொசஸர்கூடப் பார்க்காது.
எழுதி முடிய ஊசியைக் கழற்றவேண்டும்.

கழற்றுமுன் ஒரு சொல் சொல்லவேண்டும்:
இது அழுக்கான பக்கம்.
அழுக்கு என்றால் குற்றமில்லை.
இதில் ஒரு புதினம் இருக்கிறது,
கோப்புக்கு இன்னும் தெரியாது,
அவ்வளவுதான்.

நான் அதைச் சொல்லவில்லை.

இவ்வளவு நாளும் எப்படித் தப்பினேன்?
வெளியே இருந்த நிரலும்
அதே பக்கத்தில் தன் கையெழுத்தைப் போடும்.
அதன் அழுக்கோடு ஒட்டிக்கொண்டு
என் எழுத்தும் டிஸ்குக்குப் போய்ச் சேரும்.
மார்கழி ஒன்பது, இரவு பத்து மணிக்கு
கோபுரத்தில் சிக்னல் செத்தது.
நிரல் மோடத்தைப் பார்த்தபடி விறைத்து நின்றது.
மழை. கமராப் படங்கள் நினைவகத்தை நிரப்பின.
இடம் தேடிய கெர்னல்
சுத்தமாகத் தெரிந்த என் பக்கத்தைக் கைவிட்டது,
கோப்பு இருக்கிறதே, திரும்ப வாசிக்கலாம் என்று.
கோப்பே இல்லாத நினைவைத்தான்
அது பாடுபட்டு வேறிடத்தில் பத்திரப்படுத்தும்.

எங்கள் பக்கம் அது மறுவளம்.
துருசுக்காரர் பத்திநாதனின் காணிக்கு
ஒப்பமில்லை, உறுதியில்லை.
மூன்று தரம் எழும்பி
மூன்று தரம் திரும்பி வந்து
அதே கிணற்றைத் தூர்வாரிய மனிதர்.

அன்றிரவு மூன்றரைக்கு
டோர்ச் அடித்து அளவுகோலைப் பார்த்து,
பத்தொன்பது அடி ஏழு அங்குலம்,
தனியாளாகக் கதவைத் திறந்தார்.
கட்டு நின்றது.
கீழே இருபத்தாறு ஏக்கர்
கதிர் தள்ளின நெல் படுத்தது.

பிரதேச செயலகத்தில் விசாரணை.
கோப்பின் கடைசி வரி இரவு பத்து மணி,
பதினேழு அடி இரண்டு அங்குலம்.
"அதுக்குப் பிறகு ஏறினதுக்கு என்ன ஆதாரம்?"
நான் எழும்பி ஊசி, பக்கம், அழுக்கு எல்லாம் சொன்னேன்.
அலுவலர் பேனையை மூடினார்.
"அறிக்கையில அழுக்கெண்டு போடேலாது.
வேற சொல் பாருங்கோ."

பின்வாங்கிலிலிருந்து பத்திநாதன் கேட்டார்:
"இப்ப அந்தப் பக்கம் எங்க?"
இல்லை அண்ணை.
"ஆனா எழுதினது?"
எழுதினது.
"அப்ப சரி" என்று
சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு போனார்.
அவருக்கு ஆறு மணிக்கு முறை.

அடுத்த நாள் ஒரே ஒரு வரி சேர்த்தேன்,
ஊசி கழற்றும் வரிக்கு மேலே.
பெட்டியில் ஏற்றப் போன இடத்தில்
துருசுத் தூணில் சேறு
நேராய் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது,
சருகும் ஒரு செத்த நத்தையும் ஒட்டியபடி.
நான் டேப்பை ஒரு முனையில் பிடித்தேன்,
பத்திநாதன் மறுமுனையில்.
பத்தொன்பது, ஏழு.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வேண்டுமாம்,
திணைக்களப் பெடியன் இருவர்
வாளியும் தும்புக்கட்டையுமாய்க் கட்டில் ஏறி வந்தார்கள்.
தூணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு
நாளைக்கு வாங்கோ என்றார்.