ஒரு செருப்பு

பரதராமி மாங்கூழ் ஆலையில்
கத்திகளுக்கு மேலே
நேற்றிரவுப் படத்தின் கடைசிக் காட்சி.

"மன்னிச்சுடுன்னு கேட்டானே, அப்புறம் என்ன?"
என்கிறாள் பவுனு.
சித்தூர்ப் பக்கத்துத் தேசம்மா விடவில்லை:
"எங்க தெலுங்குல கேக்கவே இல்ல.
'அன்னம் பெட்டு'ன்னான், அவ்வளவுதான்."

ரெண்டுக்கும் ஒரே வாயசைப்பா?
சீவிய தோல் பாதியில் தொங்குகிறது.
மேஸ்திரி கத்துகிறான்.

மாமனார் தூக்கம் கெடாமலிருக்க
டிவியை ஊமையாக்கிப் பார்க்கும் ரேணுகாம்பா
கொட்டையை எறிந்துவிட்டுச் சொன்னாள்:
"வாயை எதுக்குப் பாத்தீங்க?
வாசல்ல ஒரு செருப்பைத்தான் கழட்டினான்.
இன்னொண்ணு கடைசிவரைக்கும் கால்லயே இருந்துச்சு.
நல்லா நடிக்கிறான் அந்தப் பையன்."

"அவ சோறு போட்டாளே?"

மாம்பால் அரித்த மணிக்கட்டை
முந்தானையில் தேய்த்துக்கொண்டாள்.

"போட்டா.
கொழம்பு ஊத்துனாளா?"