ஐந்து ஐம்பதுக்கு ஒரு எஞ்சின்

கொழும்பிலிருந்து வந்த ஹேமசிறி சேர்
கன்ரீன் மேசையில் இரண்டு படங்களை விரித்தார்.
ஒன்று, மலைநாடு ஏறிக் களைத்த பெரிய எஞ்சின்.
இழுவைக்குப் பெயர்போனது,
இனி இளைப்பாற வவுனியாவுக்கு வரலாமாம்.
மற்றது, இருபுறமும் முகமுள்ள சிறிய பவர்செற்.
கிளிநொச்சியில் திருப்பவேண்டியதில்லை,
ட்ரைவர் நடந்துபோய் மறுமுனையில் ஏறினால் சரி.
உதிரிப்பாகம் கேட்டால்தான் ஆறு மாதம்.

"இதிலை எது வேகம்?" என்றார் கச்சேரிக்காரர்.
நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேகத்தை வைத்து என்ன செய்ய?
தாண்டிக்குளத்தில் நிற்கவேணும்,
ஓமந்தையில் நிற்கவேணும்,
புளியங்குளம், மாங்குளம்,
முறிகண்டியில் தேங்காய்ப் பையோடு இறங்குபவருக்காக
இன்னும் அரை நிமிடம்.
ஓடுவதல்ல இந்தப் பாதையில் வேலை.
நிற்பது. நின்ற இடத்திலிருந்து எழும்புவது.
எழும்பும்போதெல்லாம் பெரியது இருமிக் கரி கக்கும்,
மாங்குளத்து ரீச்சர்மார்
கஞ்சி போட்ட சேலையோடு யன்னல் சாத்த ஓடுவார்கள்.
நூறு பேரை ஏற்றிக்கொண்டு
ஆயிரம் பேருக்கான டீசலைக் குடிக்கும்.
சிறியது ஆட்டுக்குட்டி, தட்டினால் துள்ளும்.

"சின்னன்" என்றேன், அரைகுறைச் சிங்களத்தில்.
"ஆனால் சேர், தண்ணி?"
டீசல் எஞ்சினுக்குத் தண்ணியா என்று கச்சேரிக்காரர் சிரித்தார்.
ஹேமசிறி சேர் சிரிக்கவில்லை.

பழைய ரேடியேற்றர்க் குழாய் ஒன்றை
வாளால் நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தேன்.
உள்ளே வெள்ளைக் கல்.
பென்சில் போன வழியில் இப்போது ஊசியும் போகாது.
எங்கள் கேத்திலின் அடியில் படிகிற அதே கல்,
நிலத்துக்குக் கீழிருந்து வருவது,
எங்கே ஊற்றினாலும் அங்கே குடியிருப்பது.
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
கேட்காமலே அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பதினொரு மாதம் கழித்து வந்தது
படத்திலிருந்த இரண்டுமல்ல.
கரையோரப் பாதையில் காலமெல்லாம் ஓடி
உப்புக் காற்றில் கதவு பொரிந்த ஒரு மூன்றாவது.
அதோடு நான்கு நீலப் பீப்பாக்கள்:
வடித்த நீர், மருந்து கலந்தது.
மூடியில் அவருடைய கையெழுத்து,
"வேறெதையும் ஊற்ற வேண்டாம்."

நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்தால் பாவம் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.
பிரேக் கட்டை நாற்பது நாள் என்றது புத்தகம்,
இங்கே பத்தொன்பது.
எயர் பில்டரை உதறினால் ஒரு வயல் கொட்டும்.
ஒரு மாடு முன்தகட்டை வளைத்தது;
மாட்டுக்காரர் மூன்று நாள் ஷெட் வாசலில் வந்து நின்று
எங்களோடு கதைக்காமல் போனார்.
இரவு பத்துக்குமேல் ஜெசிந்தா குழிக்குள் படுத்திருப்பாள்,
ரோர்ச் வாயில், திட்டு மூக்கால்.
விடிய ஐந்து இருபதுக்கு உசுப்பினால்
முதலில் தும்மும்,
பிறகு சம்மதிக்கும்.

வேலும்மயிலும் அண்ணை
செவ்வாயும் வெள்ளியும் திரும்பும் ரயிலில்
புளியங்குளத்தில் ஏறுவார்.
வவுனியா ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம்
இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுவார்கள்.
இடது கையில் ஊசிபோட்ட நரம்பு
வடக்கயிறு மாதிரி எழும்பி நிற்கும்.

ஒருநாள் எஞ்சின் அறைக் கதவு திறந்திருந்தது.
"பிள்ளை, அந்த நீலப் பீப்பாவிலை என்ன?"
"எஞ்சினுக்கு நல்ல தண்ணி, அண்ணை."
"கிணத்துத் தண்ணி ஒத்துவராதோ?"
"கல்லடைச்சுப் போகும்."
தலையாட்டினார்.
வெளியே குளக்கட்டு, மருதமரம், ஒரு சைக்கிள்.
"கழுவுறது எத்தினை நாளைக்கு ஒருக்கா?"
"மூண்டு மாதத்துக்கு."
"குடுத்துவைச்சது" என்றார்,
பொறாமையில்லாமல்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சோதனை முடிவு கேட்டவர்போல.

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
அளவுமானியைப் பார்த்தேன். எண்பத்திரண்டு பாகை. சரி.

ஓமந்தையில் இறங்கவும் ஆளில்லை, ஏறவும் ஆளில்லை.
நின்றோம்.
கட்டைகள் சூடாகி மணந்தன.
எழும்பினோம்.