நூறில் எட்டு

திமாரு நகரத்துக் கம்பளி ஆலை.
ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருக்கையில்
தேநீர் அறையில் என் வகுப்பு.
ஐந்து பேர்.
ஆட்டுக்கொழுப்பு ஊறிய கைகள்,
கழுவினாலும் பென்சில் நழுவுகிறது.

புத்தகத்தில் ஒரு பிட்சாவை எட்டாய் வெட்டியிருந்தார்கள்.
"அது வெந்து பல வருஷமாச்சு" என்றான் கிளென்.
ஏட்டுப் பிட்சாவும் பசிக்கு உதவாதுதான்.
சரி, உங்களிடம் இருக்கிற எண் எதையாவது
கொடுங்கள் என்றேன்.

ஃபெட்டு சட்டைப்பையிலிருந்து
சம்பளச் சீட்டை எடுத்தாள்.
மும்முறை மடித்தது, விரித்தால் எட்டுக் கட்டம்.
விடுமுறைப் பணம் எட்டு சதவீதமென்றால்
இதில் ஒரு கட்டமா என்றாள்.
இல்லை, அது அரைக்கால்.
இது நூறில் எட்டு.
"அப்போ கம்மி" என்றாள், வருத்தமில்லாமல்.

வாரச் சம்பளம் ஆயிரத்து நாற்பது டாலர்.
நூறில் ஒன்று: பத்து டாலர், நாற்பது சென்ட்.
வாய்ப்பாடு அவளுக்குப் பள்ளியிலேயே பகை.
இரட்டிக்கத் தெரியும்,
கம்பளிப் பொதிகளை அப்படித்தான் எண்ணுவாள்.
பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாய் எழுதினாள்:

10.40
20.80
41.60
83.20

கோடு கிழித்துவிட்டுச் சீட்டைப் பார்த்தாள்.
அதில் 62.40.

எங்கோ தப்பு பண்ணிட்டேன் என்று
டஸ்டரைத் தேடினாள்.
லேவாய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டான்.
மறுபடி இரட்டித்தாள்.
மறுபடி 83.20.

எனக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே ஆலை.
"பலகையில் தப்பில்லை" என்றேன்.
அதற்குமேல் நாக்கு எழவில்லை.

கழித்தல் போன வாரப் பாடம்.
விடையை அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை,
இரண்டாம் வரியில்
அவள் கையெழுத்திலேயே நின்றிருந்தது.
நாலு வருஷம், இருநூற்றெட்டு வாரம் என்று
முணுமுணுத்தான் கிளென்,
போன மாதம்வரை கால்குலேட்டரைத் தொடாதவன்.
4326.40.
ஒருவரும் உரக்கப் படிக்கவில்லை.

மணி அடித்தது. யாரும் எழவில்லை.
அவரவர் சட்டைப்பையை அவரவர் தடவிக்கொண்டார்கள்.

மேலாளர் டங்கன் தலையை நீட்டி
படிப்பு எப்படிப் போகுது என்றார்.
"நல்லாப் போகுது" என்றாள் ஃபெட்டு.
பலகைக்கு முன்னால் நகர்ந்து நின்றிருந்தாள்.

இரவு, ஆலைக்கு அனுப்பவேண்டிய படிவங்கள்.
அவளுடையதில் கடைசிக் கேள்வி:
கற்றதைப் பணியிடத்தில் பயன்படுத்தினாரா?
ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா அழுந்தியதில்
அடியிலிருந்த கிளெனின் படிவத்திலும்
விழுந்திருந்தது.