கோளாறு காணப்படவில்லை

ஷிங்கிள்டனுக்கும் சீனிக்கும் நடுவே
இருபத்தைந்து மைல், ஒரு வளைவு கிடையாது.
நின்றுபோக எந்த நியாயமும் இல்லாத அந்தச் சாலையில்தான்
அது முதல் தடவை நின்றது.
நான் போய்ச் சேர்ந்தபோது
பல் மருத்துவர் மார்லிஸ் ஆஸ்ட்ராண்டர்
தோல் இருக்கையில் குளிர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.
"ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது" என்றார்,
துக்கவீட்டில் பேசுகிற குரலில்.

வெள்ளை வண்டி. ஓடியது பதினோராயிரம் மைல்.
என் வீட்டைவிட விலை கூடுதல்.
என் வீட்டுக் கூரை ஒழுகும், ஆனால்
எந்த மூலையில் என்று எனக்குத் தெரியும்,
வாளி அங்கேயே இருக்கும்.

ட்ரக்கில் ஏற்றி, சக்கரங்களைக் கட்டி
கிரீன் பே வரை மூன்றரை மணி நேரம்.
விற்ற இடத்தில் காப்பி இலவசம்.
பொத்தானை அழுத்தினார்கள்.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி
சமர்த்தாக உயிர்பெற்றது.
தாளில் ஒரு வரி அடித்துக் கொடுத்தார்கள்:
கோளாறு எதுவும் காணப்படவில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
தானாகவே நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு
முழங்கால் பனியை உள்ளே உட்காரவைத்திருந்தது.
காணப்படவில்லை.
ஏப்ரலில், பாலத்தின் மேல்,
பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்தது போல.
திரையில் அழகான எழுத்தில் வந்ததாம்:
பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்.
எதை வைத்து நிறுத்துவது என்று
திரை சொல்லவில்லை.
அன்றும் காணப்படவில்லை.
"இப்படி ஒரு புகார் வேறு யாரிடமிருந்தும் வந்ததில்லை, மேடம்"
என்றான் டை கட்டிய பையன்.
நான் இலவசக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை. மருந்துக்கடை வாசல்.
மின்சாரம் செத்து, கைப்பிடிகள் நான்கும்
கதவுக்குள்ளேயே இழுத்துக்கொண்டன.
சாவி மார்லிஸ் கையில்,
மகன் ஐவர், மூன்று வயது, உள்ளே.
வெளிச் சத்தம் வராமலிருக்க
இரட்டைக் கண்ணாடி போட்ட வண்டி அது.
அவன் வாய் திறந்து திறந்து மூடியது.
எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இரும்புக் கொக்கியால் அடித்தேன். விரிசல்.
அடித்தேன். விரிசல்.
கடைசியில் பின்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடி
பொலபொலவென்று உதிர்ந்தது.
அப்போதுதான் அந்த அழுகை வெளியே வந்தது,
அதுவரை தேங்கியிருந்தது மொத்தமும்.

மறுவாரம் அவர் கேட்டார்:
"டுவேன், உன் ரசீதுகள் இருக்கிறதா?
வாஷிங்டனுக்கு எழுதப்போகிறேன்.
அவர்கள் தாளில் என் வண்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை."

பூட்ஸ் பெட்டியைக் கவிழ்த்தேன்.
கார்பன் நகல்கள், கிரீஸ் விரல்ரேகை,
என் கோழிக்கிறுக்கலில் தேதி, இடம், மைல்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'பின்சீட்டில் குழந்தை' என்று
ஏப்ரலிலேயே எழுதியிருக்கிறேன். ஏனென்று ஞாபகமில்லை.

தேடும்போது மற்றவையும் வந்தன.
இஷ்பெமிங்கில் சவ அடக்க நிலையம் நடத்தும் ஹெய்க்கினன்,
ஊர்வலத்தின் நடுவில் நின்றது.
எஸ்கனாபா மரக் கான்ட்ராக்டர், பிரேக்.
பராகாவில் சூதாட்ட விடுதி மேனேஜர் லூயெல்லா,
பனியில் திறந்த கண்ணாடி.
அதே வண்டி. கறுப்பு, சாம்பல், இன்னொரு வெள்ளை.
எல்லோரையும் அதே வாசலில்தான் இறக்கினேன்.
எல்லோரிடமும் அதே பையன்:
வேறு யாரிடமிருந்தும் வந்ததில்லை.

அவர்களில் யாருக்கும் மற்றவரைத் தெரியாது.
தான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும்
வெட்கத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.
நான்கு பேர் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.
மைலுக்கு நான்கரை டாலர் வாங்கிக்கொண்டு
எண்ணாமல் இருந்திருக்கிறேன்.

ரசீதுகளைச் சமையலறை மேஜையில் வரிசையாக வைத்து
ஹெய்க்கினனுக்கு முதலில் போன் போட்டேன்.
வெகுநேரம் பேசவில்லை அவர்.
பிறகு கேட்டார்: "அப்படியானால் நான் மட்டும் இல்லையா?"

இப்போதெல்லாம் குறிப்புக் கட்டத்தில்
பேனாவை அழுத்தி எழுதுகிறேன்.
மூன்றாவது நகலிலும் விழட்டும்.