லோன்காரர் விளையாட்டு

செவ்வாய்க்கிழமை அவர் நிலாவெளி ரோட்டால் வருவார்.
புதன்கிழமை பிள்ளைகள் அவராக வருவார்கள்.

அலஸ்தோட்டத்தில், எங்கள் தகரவேலிக்கும்
கவிழ்த்துவைத்த தோணிக்கும் இடையில்
ஆறடி மணல்.
யதுர்ஷிகாவுக்கு ஐஸ்கிறீம் வாளி ஹெல்மெட்,
கொப்பி மட்டை பைல்.
பின்வீட்டு ஹம்தாதான் நான்.
என் பழைய சோட்டியையும் கேட்டு வாங்கிப்
போட்டிருக்கிறாள், தரையில் இழுபட.
நாலு வயதுக் கவின் மோட்டர்சைக்கிள்:
"சைலன்சர் சுடும், தொடாதீங்கோ"
என்று தன் காலைத் தூக்கிக் காட்டுகிறான்.

குசினி யன்னலுக்குள் சூடைமீன் செதில் சுரண்டியபடி
பார்க்கிறேன்.
ஹம்தா என்னைச் சரியாகத்தான் செய்கிறாள்.
தோணிக்குப் பின்னால் குந்தி, மூச்சை அடக்கி,
உள்ளிருந்து தானே குரல் கொடுக்கிறாள்:
"வீட்டில ஒருத்தருமில்லை."
சிரித்தேன்.
பிறகு சிரிப்பு வரவில்லை.

மகள் தட்டவில்லை.
வாளியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள்.
வியர்வை இல்லை; துடைத்தாள்.
பைலைத் திறந்தாள், மூடினாள்.
அடிக்காத போனைக் காதில் வைத்து
யாருக்கோ தலையாட்டினாள்:
"ஓம் சேர். ஓம் சேர். இண்டைக்கு எடுத்திடுவன்.
சம்பளத்தில வெட்டாதீங்கோ சேர்."
குனிந்து கவினிடம்,
"பெற்றோலும் முடியப்போகுதடா."

எங்கே கண்டாள் இதை?
அலுமாரிக்குப் பின்னால் நான் நின்ற செவ்வாய்களில்
இவள் கொய்யாமரத்தில் இருந்திருக்கிறாள்.
எனக்குக் கேட்டது சப்பாத்துச் சத்தம் மட்டும்.

ஹம்தா குழம்பிப்போனாள்.
விளையாட்டில் இது இல்லை.
கொஞ்சநேரம் சோட்டி நுனியைச் சப்பினாள்.
பிறகு வெளியே வந்து
சிரட்டை நிறைய மணல் அள்ளி நீட்டினாள்:
"காசில்லை. தண்ணி இருக்கு."
மகள் மணலைக் குடித்தாள்,
தொண்டை ஏறி இறங்க.

நான் ஒன்றும் மாறிவிடவில்லை.
வட்டிக்கு வட்டி போட்ட பேனை அவருடையதுதான்.
அடுத்த செவ்வாயும் ஒளித்துத்தான் நின்றேன்,
கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு.
ஹெல்மெட்டைக் கழற்றினார்.
நெற்றியைத் துடைத்தார்,
அப்படியே என் மகளைப் போல.

கவின் ஓடிப்போய்
மோட்டர்சைக்கிளின் பக்கத்தில் நின்று
அதனிடம் கேட்டான்:
"உனக்குச் சுடுகுதா?"

அவர்தான் பதில் சொன்னார்.
"ஓம் தம்பி. சரியான சூடு."

தாழ்ப்பாளில் என் கை.